மெருகேறிய சூளை

சூளையை மூட்டிய பிறகு அதைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கெட்டது என்றால் வசவு இல்லை. வசவை யார் மேலும் தாராளமாக வீசலாம்; விறகு ஈரமாக வந்தால் வண்டிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுக்கலாம். ஆனால் வாசலை அடைத்து மண் பூசியதிலிருந்து மறுபடி அதைப் பிரிக்கும் வரை, "வெடிச்சிருக்கும்", "கோணியிருக்கும்", "ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால், உள்ளே எது கெட்டாலும் அது சொன்னவர் தலையில்தான் விடியும். எனக்கோ வாய் சும்மா இருக்காது. கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த முதல் வருஷமே, இந்தக் கட்டுப்பாடு என்னை மனதில் வைத்துத்தான் போடப்பட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் மண் என்றால் நெல் விளைவது. இங்கே மண்ணைக் கரைத்து, வடிகட்டி, மிதித்து, சக்கரத்தில் ஏற்றி ஜாடியாக்கினார்கள். ஊறுகாய் ஜாடி, புளி ஜாடி, உப்பு ஜாடி. அறுபதுகளின் நடுவில் ஊருக்கு வெளியே வரிசையாகக் கொட்டகை போட்டு நான்கு குடும்பங்கள் இந்தத் தொழிலைச் செய்தன. எங்களுடையது இரண்டாவது கொட்டகை. ஆளுக்கொரு சூளை கட்டிக்கொள்ள யாருக்கும் வசதி இல்லாததால் நான்குக்கும் பொதுவாக ஒரே சூளை. செங்கல்லால் கட்டிய நீளமான அறை, கூரைக்குப் பதிலாக மேலே செங்கல் வளைவு, இரண்டு பக்கமும் விறகு தள்ளும் அடுப்பு வாய், பின்னால் புகைபோக்கி, முன்னால், இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நுழையும் அகலத்தில் ஒரு வாசல். ஒவ்வொரு தடவையும் அந்த வாசலைச் செங்கல் அடுக்கி அடைத்து, நான்கு கொட்டகையிலிருந்தும் ஆளுக்கு ஒரு கூடை மண் கொண்டுவந்து ஒன்றாகப் பிசைந்து பூசுவோம். நாளைக்கு யாரும் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கூட்டு மண். அப்படியும் குற்றம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரர்தான் நான்கு கொட்டகைக்கும் அடுக்குபவர். சூளைக்குள் நல்ல இடம், கெட்ட இடம் உண்டு. அடுப்பு வாய்க்கு எதிரே முன்வரிசையில் வைத்த ஜாடிக்கு மெருகு நன்றாக ஏறும். மூலையில் வைத்தது சோகை பிடித்தவன் முகம் போல வெளுத்துக் கிடக்கும். அதனால் எல்லோருக்கும் முன்வரிசை வேண்டும். என் வீட்டுக்காரர் சொந்தக் கொட்டகைச் சரக்கை மூலையில் வைத்துவிட்டு அடுத்தவர் சரக்கை முன்னால் வைக்கும் ஆள். வீட்டில் நான் அதற்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த நேர்மையால்தான் மற்ற மூன்று பேரும் அவரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. முதலில் உள்ளே போவதும் கடைசியில் வெளியே வருவதும் அவர்தான். அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். தலைப்பாகையைக் கட்டும் விதத்தில் தெரியும்.

என் வேலை ஜாடியின் உட்புறத்துக்கு. பழுப்பு மண்ணைத் தயிர் பதத்துக்குக் கரைத்து, ஜாடிக்குள் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கவிழ்த்துவிடுவேன். பிறகு ஜாடியின் அடியை ஈரத்துணியால் துடைத்து, தரையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளை மண் உருண்டைகள் உருட்டி வைக்க வேண்டும். வெளிப்புறத்துக்கு நாங்கள் எதையும் பூசுவதில்லை. அது சோடாவின் வேலை. முந்திரி விறகும் சவுக்கும் எரிந்து, உள்ளே ஜாடிகள் தீயின் நிறத்துக்கே வந்த பிறகு, துணி துவைக்கும் சோடாவையும் கொஞ்சம் உப்பையும் ஈர மரத்தூளில் பிசைந்து, நீளக் கரண்டியால் அடுப்பு வாயில் கொட்டுவார்கள். உள்ளே சடசடவென்று பொரியும். புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஓர் ஆவி கிளம்பும். அந்த ஆவி எந்த மண்ணைத் தொட்டாலும் அதன் மேல் கண்ணாடி போல ஒரு தோல் படியும். ஜாடியின் மெருகு அதுதான்.

அந்த ஆவி எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. சூளைக்குப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தில் அந்தப் பக்கத்துக் கிளைகள் மட்டும் இலை கருகி மொட்டையாக நின்றன. காக்கை உட்காராது. எங்கள் கொட்டகையின் தகரக் கூரை சல்லடையாகிவிட்டது. மழை வந்தால் உள்ளே நனையாத இடமாகப் பார்த்து ஜாடிகளை நகர்த்துவோம். நாங்கள் மட்டும் அதைச் சுவாசித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, சரக்கு எப்படி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சோடா கொட்டுபவர் மூன்றாம் கொட்டகைக்காரர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பேச்சுக்குப் பேச்சு சிரிக்க வைக்கிற மனுஷன். கரண்டியைத் தூக்கும்போது, "சாமிக்கு அபிசேகம் பண்றேன், எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்பார். அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா எனக்கு நேர்மாறு. அதிர்ந்து பேசாது. மத்தியானத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் பழையதைப் பிசைந்து சாப்பிடுவோம். நான் பேசுவேன், அக்கா கேட்கும். "உனக்கும் சேத்து நான் பேசுறேன், எனக்கும் சேத்து நீ கேக்குற. கணக்கு சரியாப் போச்சு" என்று ஒரு நாள் சொன்னேன். அக்கா அதற்கும் சிரித்ததோடு சரி.

சூளை புதிதாக இருந்தபோது சரக்கு சுமாராகத்தான் வந்தது. கொட்டுகிற சோடாவில் பாதியைச் சூளையின் செங்கல்லே குடித்துவிடும் என்று சொன்னார்கள். வருஷம் ஆக ஆகச் சுவரிலும் வளைவிலும் மெருகு படிந்தது. செங்கல் குடித்தது போதும் என்று நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் சோடா போட்டாலே ஜாடி பளபளத்தது. எழுபதுகள் தொடங்கியபோது, சுற்று வட்டாரத்தில் எங்கள் சூளைச் சரக்கை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சூளைக்குள் நுழைந்து பார்த்தால் நான்கு பக்கமும் பச்சையும் பழுப்புமாக மின்னும். முதல் கொட்டகைக்காரர், எங்களில் வயதானவர், சுவரைக் கையால் தடவிப் பார்த்து, "சூளைக்கே மெருகு ஏறிடுச்சு" என்று பெருமைப்படுவார்.

அந்தச் சமயத்தில்தான் முதல் சொட்டு விழுந்தது. ஒரு ஜாடியின் தோளில் பச்சையாக, கண்ணாடி போல, நெற்றியில் வைக்கும் பொட்டின் அளவுக்கு ஒரு சொட்டு. மேலே வளைவில் படிந்த மெருகு உருகிச் சொட்டியிருந்தது. இது பழுது, விலை போகாது என்று என் வீட்டுக்காரர் அதைத் தனியே வைத்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து சரக்கு எடுக்க வந்த வியாபாரி அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். "இது நல்லா இருக்குதே. பொட்டு வெச்சாப்புல இருக்குது. இது மாதிரி இன்னும் போட முடியுமா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழுதைக் கேட்டு வாங்குகிறவரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

போடவே வேண்டியிருக்கவில்லை. அதுவே விழுந்தது. அடுத்தடுத்த சூளைகளில் பொட்டு வைத்த ஜாடிகள் கூடிக்கொண்டே போயின. சந்தையில் பொட்டு ஜாடி என்று பேரே வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்வரிசை வேண்டும் என்பது போய், வளைவின் நடுவுக்கு நேர் கீழே இடம் வேண்டும் என்று ஆயிற்று. "எனக்கு நாலு பொட்டாவது வுழுவுற மாதிரி வைப்பா" என்று நான்காம் கொட்டகைக்காரர் என் வீட்டுக்காரரிடம் கெஞ்சியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. சூளை கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்குக் கீழே நல்ல இடம் பிடிக்கப் போட்டி போட்டோம்.

ஒரு மார்கழியில், ஜாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது என் விரலில் ஏதோ நெருடியது. பொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக, புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைக்குள் சிவப்பாகச் சில துணுக்குகள். செங்கல். வளைவின் மேல்தோல் மட்டும் சொட்டவில்லை. சொட்டும்போது செங்கல்லையும் கூடக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அடுத்த ஜாடியைப் பார்த்தேன். அதிலும் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ம்" என்றார். பிறகு விளையாட்டாகச் சொல்வது போலச் சொன்னார்.

"முன்னல்லாம் நடுவுல நின்னா நிமிந்து நிப்பேன். இப்போ தலைப்பா உரசுது. நான் வளந்துட்டேன் போலருக்குது."

"முப்பத்தஞ்சு வயசுல எவன் வளருவான்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வளைவுக்குக் கீழே நாள் முழுக்க நிற்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குச் சூளை என்றால் சரக்கு. எனக்குச் சூளை என்றால் அதற்குள் இருக்கும் என் புருஷன். கைப்பிள்ளையோடு இருந்தேன். அன்றிலிருந்து அவர் உள்ளே போகும் போதெல்லாம் நான் செய்கிற வேலை ஓடாது. வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தை முடிவதற்குள் மற்ற மூன்று கொட்டகைக்காரர்களையும் கூட்டி வைத்து வீட்டுக்காரரைச் சொல்ல வைத்தேன். சூளை அப்போது காலியாக இருந்ததால் பேசுவதற்குத் தடை இல்லை. வளைவைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மாங்காய் சீசன் வருகிறது. ஊறுகாய் போடுவதற்கு முன்னால் ஜாடி சந்தைக்குப் போக வேண்டும். "என் சரக்கு ஒரு தடவை வெந்துடட்டும், அப்புறம் பிரிங்க" என்று ஒருவர். "அவருக்கு மட்டும் வெந்தா எனக்கு?" என்று இன்னொருவர். எல்லோருக்கும் பொதுவான சூளை. அதனால் பிரிக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. கடைசியில் முதல் கொட்டகைக்காரர் சோடாக் கரண்டியை எடுத்துப்போய்ச் சூளையின் உட்சுவரில் தட்டினார். கிண்ணென்று சத்தம் வந்தது.

"பாரும்மா, வெங்கலம் மாதிரி இருக்குது. இதுவா வுழப்போவுது?"

அவர் தட்டியது மெருகை. மெருகுக்குப் பின்னால் இருக்கும் செங்கல்லை யார் தட்டிப் பார்த்தது? அப்படித்தான் கேட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஆளும் இல்லை. பொறுமையாக, "சித்திரை வரைக்கும் ஓட்டிடலாம்மா" என்றார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் நான்கு பேர் மேலும் சாமியிடம் பிராது எழுதிக் கட்டப்போகிறேன் என்று கத்திவிட்டு வந்தேன். சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

பங்குனியில் சூளை நிறைய அடுக்கினார்கள். வாசலை அடைத்தார்கள். நானும் ஒரு கூடை மண்ணைக் கொண்டுபோய்ப் பிசைந்தேன். வேறென்ன செய்ய? விடியலில் மூட்டிய தீ மறுநாள் மத்தியானம் சோடாவுக்குப் பதமாக வந்தது. அண்ணன் கரண்டியை எடுத்தார். அபிஷேகம் நடந்தது. வெள்ளை ஆவி கொட்டகைகளின் மேல் படிந்து, வெயில் வெளுத்துப்போய், பகலிலேயே ஒரு மங்கல் கவிந்தது.

மெருகு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு துளை உண்டு. அதன் வழியாகக் கம்பியை விட்டு, உள்ளே வைத்திருக்கும் மண் வளையம் ஒன்றைக் கொக்கி போட்டு இழுப்போம். அதை எடுப்பது அன்று என் முறை. வளையம் வெளியே வந்து ஆறியபோது எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்படியொரு மெருகை அந்தச் சூளை அதுவரை கொடுத்ததில்லை. தேன் ஊற்றினாற்போல இருந்தது. முதல் கொட்டகைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் வளையத்தைப் பார்க்கவில்லை. கம்பியை இழுக்கும்போது துளை வழியாக உள்ளே பார்த்திருந்தேன். வளைவின் நடுப்பகுதி கீழே வயிறு வைத்திருந்தது. அதிலிருந்து சொட்டுகள் நூல் பிடித்து நீண்டு, அறுந்து விழுந்துகொண்டிருந்தன. தீயின் நிறத்தில் எல்லாம் அசைவது போலத் தெரியும், கண் ஏமாற்றியிருக்கலாம் என்று மறுபடி பார்த்தேன். ஏமாற்றவில்லை.

"ஆர்ச்சு எறங்கிடுச்சு" என்றேன். "ஆறும்போது வுழுந்துடும். யாரும் உள்ளாற போவக்கூடாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. நான் செய்த காரியத்தால் வந்த திகைப்புதான் இருந்தது. சூளை எரியும்போது சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். நான்காம் கொட்டகைக்காரரின் தாயார் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணெடுத்து என்னைச் சுற்றித் தீயில் போட்டாள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்கா மட்டும் நின்ற இடத்திலிருந்தே அந்தத் துளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

சூளை ஆறுவதற்கு விட வேண்டிய அளவு விடவில்லை. வியாபாரி லாரியை அனுப்பிவிட்டார். லாரிக்காரன் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். காலையில் வாசல் செங்கல்லைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. அதோடு ஒரு சத்தம்: சூடு ஆறும்போது ஜாடிகளின் மெருகு கிணுகிணுக்கும், அது வழக்கமானது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. பல்லைக் கடிப்பது போல, விட்டு விட்டு, மேலேயிருந்து. நான் கேட்டேன். பக்கத்தில் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தலைப்பாகையை இறுக்கினார். நான் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு.

"எந்திரி."

"மாட்டேன். என்னை மிதிச்சிட்டுப் போ."

"ஊரே பாக்குது. எந்திரிடி."

"பாக்கட்டும். தாலி கட்டிக்கிட்டவ வழி மறிச்சா உள்ள போயிடுவியா? போ, பாக்கலாம்."

அவர் முகம் கறுத்துவிட்டது. மூன்று கொட்டகைக்காரர்கள், லாரிக்காரன், சுமை தூக்க வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் அவருடைய கர்வத்தை மண்ணில் போட்டு மிதித்தேன் என்று எனக்குத் தெரியும். அவர் சாக்கை விசிறி எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆற்றுப் பக்கமாகப் போனார். உயிரோடு போகிறார் என்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அந்தச் சாக்கை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, வேணாம்ணே" என்றேன்.

"தங்கச்சி பயந்துடுச்சு, அதனால என்னா. லாரிக்காரன் எம்மாம் நேரம் நிப்பான்? நான் மொத வரிசையை மட்டும் எடுத்துக் குடுத்துடுறேன்." என் முன்னால் வந்து நின்று, எப்போதும் போலச் சிரித்தார். "காலைக் கொஞ்சம் மடக்கிக்கம்மா."

அண்ணன் முறை ஆள் தாண்டிப் போகும்போது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கமில்லை. சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். கால் தானாக மடங்கிக்கொண்டது. அவர் பக்கத்தில் இருந்த இடத்தில் கால் வைத்து உள்ளே போனார்.

அக்கா அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றது.

முதல் வரிசையிலிருந்து இரண்டு ஜாடிகளை வெளியே நீட்டினார். இரண்டிலும் பெரிய பெரிய பொட்டுகள். "லட்சுமி மாதிரி இருக்குது பாருங்க" என்றார். மூன்றாவதை எடுக்க உள்ளே திரும்பினார். பெரிய சத்தம் எதுவும் முதலில் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு போல ஏதோ வந்தது. சூடான தூசு வாசல் வழியாக என் மேலும் பிள்ளை மேலும் வந்து கொட்டியது. யாரோ என்னைத் தரதரவென்று இழுத்தார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. அதற்குப் பிறகுதான் செங்கற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது.

அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உள்ளே இருப்பது என் புருஷன் இல்லை. அந்த நினைப்புக்குப் பிறகுதான் அண்ணன் என்ற நினைப்பே வந்தது. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செங்கல் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வாரினார்கள். ஆற்றங்கரையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் சாக்குகூட இல்லாமல் வாரினார். அவருடைய உள்ளங்கைத் தழும்பு கடைசி வரை போகவில்லை. அண்ணனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. வாரிப் போட்ட செங்கற்கள் வெளியில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் ஒரு பக்கமும் கண்ணாடி போல மின்னியது. மறுபக்கத்தை விரலால் தொட்டால் ஊறவைத்த ரொட்டி போலப் பொலபொலவென்று உதிர்ந்தது.

பழி என் மேல் வந்தது. சூளை எரியும்போது இவள் வாய் வைத்தாள், அதனால் விழுந்தது என்று நான்கு கொட்டகையிலும் பேசினார்கள். வளைவு இறங்கியதால்தான் நான் சொன்னேன் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரிநாக்கு என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னதை நான் முன்னால் போய் நின்றே கேட்டேன். கோபப்பட்டேன், கத்தினேன், அழுதேன். என் வீட்டுக்காரர் எனக்காகப் பரிந்து வரவில்லை. அவர் வாசலில் என்னைத் தாண்டிப் போயிருந்தால் அண்ணன் இருந்திருப்பார் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தன் உயிர் தப்பியதற்காக என்னை அவர் மன்னிக்க நாளாயிற்று.

அக்காவின் மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காரியம் முடிந்து, அக்காவின் தம்பி வந்து சக்கரத்தில் உட்கார்ந்து, மூன்றாம் கொட்டகை மறுபடி நடக்கத் தொடங்கிய பிறகும் அக்கா என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகும். முன்பும் அது பேசியதில்லைதான். ஆனால் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மௌனம் வேறு, இது வேறு. எல்லோரும் சொல்வதை அதுவும் நம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானத்தில் தனியாகச் சாப்பிட்டேன்.

புதுச் செங்கல் வைத்து வளைவைக் கட்டினார்கள். அதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை, யார் முறை என்றும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு நாள் வியாபாரி வந்து துக்கம் விசாரித்தார். நிஜமாகவே கண் கலங்கினார். போகும்போது தயங்கித் தயங்கி, "புதுசுல அந்தப் பொட்டு வுழுமா?" என்று கேட்டார்.

புதுச் சூளையை மூட்டியது கார்த்திகைக்கு முன்னால். சோடாவைச் செங்கல் குடித்தது. துளை வழியாக எடுத்த வளையம் வெளுத்துக் கிடந்தது. ஆறுவதற்கு விட்டார்கள், ஆனால் மழை வரும் போலிருந்தது, வானம் கறுத்துக்கொண்டு வந்தது, சரக்கை வெளியே எடுத்துக் கொட்டகைக்குள் வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். வாசல் செங்கல்லைப் பிரித்தபோது அதே அனல் முகத்தில் அடித்தது. மெருகு கிணுகிணுத்தது. என் வீட்டுக்காரர் தழும்பேறிய கையால் தலைப்பாகையைக் கட்டினார். ஈரச் சாக்கை எடுத்துத் தோளில் போட்டார்.

மறுபடி போய் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று தெரியும். மறுபடியும் அவரை அத்தனை பேருக்கு முன்னால் அவமானப்படுத்தினால் வீட்டில் என்ன மிஞ்சும் என்றும் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போது அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. நேராகச் சூளை வாசலுக்குப் போய், ஒரு ஓரமாக, நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தது. காலை நீட்டிக்கொண்டது. யாருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. என் வீட்டுக்காரர் சாக்கோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னிக்கி நானும் வந்து உக்காந்திருக்கணும்" என்றது அக்கா. எட்டு மாதத்துக்குப் பிறகு அது என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "ஒருத்தி உக்காந்தா தாண்டிப் போயிடுறாங்க."

பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் கையால் தட்டியது.

நான் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கு அந்த வாசல் சரியாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. முதல் கொட்டகைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தாழ்வாரத்தில் போய் ஒதுங்கிக்கொண்டார். ஒவ்வொருவராக எல்லோரும் ஒதுங்கினார்கள். என் வீட்டுக்காரர் ஈரச் சாக்கைத் தோளிலிருந்து எடுத்து, மழை படாமல் எங்கள் இரண்டு பேர் தலை மேலும் போர்த்திவிட்டுப் போனார். முதுகில் சூளையின் அனல் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. கை வைத்துப் பார்க்கும் சூட்டுக்கு வரும் வரை நாங்கள் காலை மடக்கவில்லை.